அழிச்சுப்போட்டேனுங்க

வால்பாறை பஜாரில் நான் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தபோது, போனில் இருக்கும் படத்தை அச்செடுக்க வந்தவர்கள் காசைக் கொடுத்துவிட்டுக் கிளம்பும் நேரத்தில் ஒரு கேள்வி கேட்பார்கள். “அழிச்சுப்போட்டீங்களா தம்பி?” நான் வேலையில் இருந்து நிமிராமலே பதில் சொல்வேன். “அப்பவே அழிச்சுப்போட்டேனுங்க.” ஆரம்பத்தில் அது உண்மை என்று நம்பித்தான் சொன்னேன். பிறகு பொய் என்று தெரிந்தும் சொன்னேன். அந்தப் பிற்காலத்தைப் பற்றி எழுதவே இதை எழுதுகிறேன்.

கேட்டவர்கள் யார் என்று முதலில் சொல்லிவிட வேண்டும். பெரும்பாலும் எஸ்டேட் ஆட்கள். தேயிலை பறிக்கும் பெண்கள், ஃபாக்டரியில் வேலை செய்பவர்கள், ஓய்வு பெறும் வயதில் இருப்பவர்கள். தோட்டத் தொழிலாளிக்கு ஓய்வு என்றால் சம்பளம் நிற்பது மட்டும் இல்லை, வீடும் போய்விடும். அப்போது நடப்பில் இருந்த 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தின்படி தோட்ட நிர்வாகம் கொடுத்த லைன் வீடு வேலை இருக்கும்வரைக்கும்தான். அதனால் ஓய்வு நெருங்கும்போது பி.எஃப்., கிராஜுவிட்டி, வங்கிக் கணக்கு, ரேஷன் கார்டு முகவரி மாற்றம் என்று ஒரே நேரத்தில் எல்லாக் காகிதமும் தேவைப்படும். அந்தக் காகிதங்களில் பாதி மகனுடைய போனிலோ பேத்தியுடைய போனிலோ படமாக இருக்கும். அதைக் காகிதமாக்கித் தருவதற்கு நான் இருந்தேன். அசாம், ஜார்க்கண்ட் பக்கம் இருந்து வந்து தோட்டங்களில் வேலை செய்கிறவர்களும் வந்தார்கள். அவர்கள் அழித்தாயா என்று கேட்டதே இல்லை. கேட்பதற்கான தமிழ் அவர்களிடம் இல்லை. போனை அப்படியே என் கையில் கொடுத்துவிட்டு நிற்பார்கள்.

படத்தை அச்செடுக்க நான் கண்டுபிடித்த வழி எனக்கு அப்போது பெருமையாக இருந்தது. அதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் தவறு முழுக்க அதற்குள்தான் இருக்கிறது.

தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால் வால்பாறையில் எதையும் நம்பிச் செய்ய முடியாது. பக்கத்தில் இருக்கும் சின்னக்கல்லாறு இந்தியாவிலேயே அதிக மழை பெய்யும் இடங்களில் ஒன்று. மரம் சாயும், கரண்ட் போகும், நெட் போகும். ரீமில் இருந்து எடுத்துவைத்த காகிதம் ஈரம் குடித்துச் சுருண்டு இயந்திரத்துக்குள் சிக்கும். அப்படி ஒரு மழைக்காலத்தில், கம்ப்யூட்டரில் ஏதோ அப்டேட் ஆன பிறகு பிரிண்டர் டிரைவர் வேலை செய்யாமல் போனது. புதிதாக இறக்கலாம் என்றால் நெட் இல்லை. கடையில் இருந்தது பெரிய ரகக் காப்பி இயந்திரம். நகல், ஸ்கேன், பிரிண்ட் மூன்றும் செய்யும், நெட்வொர்க்கில் இணைந்திருக்கும். வேறு வழி தெரியாமல் அதற்குரிய ஐ.பி. எண்ணை பிரவுசரில் அடித்துப் பார்த்தேன். இயந்திரத்துக்குள்ளேயே ஒரு வலைப்பக்கம் இருந்தது. டோனர் எவ்வளவு மிச்சம், எந்தத் தட்டில் எந்த அளவுக் காகிதம் என்றெல்லாம் காட்டியது. ஒரு மூலையில், கோப்பை நேரடியாக ஏற்றி அச்சிடும் வசதியும் இருந்தது. பி.டி.எஃப்., டிஃப், ஜேபெக் மூன்றையும் எடுத்துக்கொள்ளும். டிரைவர் வேண்டாம். நெட் வேண்டாம். கடைக்குள் இருக்கும் வைஃபை ரவுட்டருக்கு இன்வெர்ட்டரில் கரண்ட் இருந்தால் போதும்.

இதில் இன்னொரு நன்மையும் கிடைத்தது. அதுவரை எல்லோரும் படத்தை வாட்ஸாப்பில் எனக்கு அனுப்புவார்கள். சாதாரணமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும். நீளவாக்கில் ஏறத்தாழ 1,600 புள்ளிகள்தான் மிஞ்சும். ஏ4 தாளில் விரித்தால் அங்குலத்துக்கு 140 புள்ளிகூட வராது. முகம் என்றால் பரவாயில்லை. பி.எஃப். கணக்கின் 12 இலக்கத்தில் 3 எது, 8 எது என்று தெரியாமல் போனால் அந்தத் தாள் எந்த ஆபீஸிலும் செல்லாது. போனில் எடுத்த மூலப்படத்தையே இயந்திரத்தின் பக்கத்தில் ஏற்றினால் 12 மெகாபிக்ஸல் படம் முழுசாகப் போகும், அங்குலத்துக்கு 300 புள்ளிக்கு மேல் கிடைக்கும், முத்திரையில் உள்ள எழுத்தைக்கூடப் படிக்கலாம். சில படம் படுக்கையாக விழும். ஐஃபோனில் எடுத்த ஹெய்க் வகைப் படங்களை இயந்திரம் ஏற்காது. மற்றபடி தெளிவு பிரமாதமாக இருந்தது. ஒரு தாளில் வைஃபை பெயர், கடவுச்சொல், இயந்திரத்தின் எண் மூன்றையும் பெரிய எழுத்தில் அடித்துச் சுவரில் ஒட்டினேன். போன் பழகியவர்கள் தாங்களே ஏற்றி, தாங்களே எடுத்துக்கொண்டு, காசை வைத்துவிட்டுப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமைதான் எஸ்டேட் லீவு, அன்றைக்குத்தான் பஜாரே நிறையும். சாயங்காலம் யானை இறங்கும் பாதையில் போக வேண்டியவர்கள் பஸ்ஸைப் பிடிக்கப் பறப்பார்கள். அவர்களைக் காக்க வைக்காமல் அனுப்ப முடிந்தது.

தவறு இங்கேதான் இருந்தது. டிரைவர் வழியாக அச்சிடும்போது, கம்ப்யூட்டர் படத்தைப் பிரிண்டருக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றி அனுப்புகிறது. வலைப்பக்கம் வழியாக ஏற்றும்போது மூலக்கோப்பே முழுதாக இயந்திரத்துக்குள் போகிறது, அதன் பெயரோடு. போன் காமிராவில் இருப்பிடப் பதிவு இயங்கிக்கொண்டிருந்தால், எந்த நாள், எந்த நேரம், எந்த இடத்தில் எடுத்தது என்ற குறிப்பும் கோப்புக்குள் கூடவே போகிறது. வாட்ஸாப் அந்தக் குறிப்பை நீக்கிவிடும். நான் கொண்டுவந்த வழி நீக்காது. என் இயந்திரத்தில் ஹார்டு டிஸ்க் இருந்தது. கோப்பு முதலில் அதில் எழுதப்பட்டு, பிறகு தாளுக்குப் போகும். வேலை முடிந்ததும் இயந்திரம் அதன் பெயரைத் தன் அட்டவணையில் இருந்து எடுத்துவிடும், உள்ளடக்கம் டிஸ்க்கிலேயே கிடக்கும். அதே இடத்தில் வேறொன்று எழுதப்படும்வரை, தெரிந்தவர்கள் அதை மீட்டுவிடலாம். போதாததற்கு, ஏற்றும் பக்கத்தில் ‘அச்சிட்டுச் சேமி’ என்று ஒரு தேர்வும் இருந்தது. பலர் தெரியாமல் அதைத் தொட்டுவிடுவார்கள். அந்தப் படங்கள் இயந்திரத்தின் சேமிப்புப் பெட்டியில் சிறு உருவங்களாக வரிசையாக நிற்கும். அந்தப் பக்கத்துக்குக் கடவுச்சொல் கிடையாது. வைஃபைக்குள் வந்தவர்கள் யாரும் திறக்கலாம். வைஃபையின் கடவுச்சொல்லையோ நான் சுவரில் ஒட்டியிருந்தேன்.

அந்தப் பெட்டியை நான் திறந்து பார்த்தேன்.

மழை பிடித்துக்கொண்டு ஆள் வராத மத்தியானங்களில் பார்த்தேன். இயந்திரத்தைச் சரிபார்ப்பதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆதார், பட்டா, கல்யாணப் பத்திரிகை, இறந்துபோனவரின் படம், பிள்ளையின் மார்க் ஷீட். ஒருநாள் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒருவரின் மருத்துவ அறிக்கை இருந்தது. அதை முழுசாகப் படித்தேன். மூடியிருக்கலாம், மூடவில்லை. மறுவாரம் அவர் டீக்கடையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, மகளுக்கு வரன் பார்ப்பதைப் பற்றிச் சந்தோஷமாகப் பேசினார். தன் வீட்டிலேயே அவர் சொல்லாத ஒன்று எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. யாரிடமும் நான் சொல்லவில்லை. அது எனக்குப் பெருமை சேர்க்காது. அதைத் தெரிந்துகொள்ளும் உரிமையே எனக்கு இல்லை. அதற்குப் பிறகு அவரிடம் முன்போல என்னால் பேச முடியவில்லை. என்னவோ மனக்கசப்பு என்று அவர் நினைத்திருக்கலாம்.

தெரியாமல் நடந்தது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாதபடி ஒரு பெண் செய்தாள். பொள்ளாச்சியில் படித்துக்கொண்டிருந்த மாணவி, லீவுக்கு வந்திருந்தாள். ஸ்காலர்ஷிப் விண்ணப்பத்துக்கு ஏதோ அச்செடுக்க வந்தவள், தன் போனை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். “அண்ணா, என்ற போட்டோ இந்த லிஸ்ட்ல இருக்குதுங்க. போன லீவுல எடுத்தது. எல்லாத்து போட்டோவும் இருக்குது.” குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். நான் உடனே அவளுடைய படத்தைத் தேர்ந்தெடுத்து அழித்தேன். அவள் பார்க்கும்படி அழித்தேன். அவள் போன பிறகு மற்றவற்றை அழிக்கவில்லை. பக்கத்துக்குக் கடவுச்சொல் போடவில்லை. சுவரில் இருந்த தாளையும் கிழிக்கவில்லை.

ஏன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். கடவுச்சொல் போட்டால் ஒவ்வொருவருக்கும் நான் எழுந்து போய்ப் படம் ஏற்றித் தர வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை ஒரு ஆளாகச் சமாளிக்க முடியாது. இது உண்மைதான், ஆனால் முழு உண்மை இல்லை. சேமிப்புத் தேர்வை மட்டும் நிறுத்திவைக்க அதே பக்கத்தில் வழி இருந்தது. அந்தப் பக்கத்தின் அமைப்புப் பகுதியை முழுசாகப் படிக்க ஒரு மத்தியானம் போதும். அடுத்தவர் படங்களைப் பார்க்க எனக்கு மத்தியானம் இருந்தது, இதைப் படிக்க இல்லை. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. கேட்டவர்கள் கங்காணிக்கும், சூப்பர்வைசருக்கும், ஆபீஸ் கிளார்க்குக்கும் பதில் சொல்லியே பழகியவர்கள். நான் அழித்துவிட்டேன் என்றால் அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள். வங்கி மேனேஜரோ வக்கீலோ அதே கேள்வியைக் கேட்டிருந்தால் அன்றே எல்லாவற்றையும் துடைத்திருப்பேன். இதை எழுதும்போது உடம்பு கூசுகிறது. ஆனாலும் அதுதான் நடந்தது.

2022 மே மாத இறுதியில் ஆதார் ஆணையத்தின் பெங்களூர் அலுவலகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஆதார் நகலைக் கண்ட இடத்தில் கொடுக்காதீர்கள், கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைப் பயன்படுத்துங்கள், பிரவுசிங் சென்டர் போன்ற பொதுக் கணினியில் இறக்கினால் அந்தப் பிரதியை முழுதாக அழித்துவிடுங்கள் என்று அதில் இருந்தது. மக்கள் தவறாகப் புரிந்துகொள்ளலாம் என்று சொல்லி அரசு இரண்டே நாளில் அதைத் திரும்பப் பெற்றது. திரும்பப் பெற்ற செய்தியைப் பார்த்து நான் நிம்மதி அடைந்தேன். பொதுக் கணினி என்று அவர்கள் எழுதியிருந்தது என் கடையைத்தான் என்று படித்த கணமே எனக்குத் தெரிந்திருந்தது.

பிறகு அந்த இயந்திரத்தை விற்றேன். பழசாகிவிட்டது, ரோலர் தேய்ந்து தாளில் கோடு விழுந்தது. கோயம்புத்தூரில் பழைய இயந்திரம் வாங்கி விற்கும் ஒருவர் நல்ல விலை சொன்னார். வண்டி வருவதற்கு முந்தின நாள் முழுக்க அதைச் சுத்தம் செய்தேன். கண்ணாடியைத் துடைத்தேன், தட்டின் மூலையில் படிந்த டோனர் தூளைப் பிரஷ்ஷால் எடுத்தேன், கடைப் பெயர் ஸ்டிக்கரைச் சுரண்டினேன், உள்ளே மிச்சம் இருந்த வெள்ளைத் தாள்களைக்கூட எடுத்து வைத்துக்கொண்டேன். டிஸ்க்கை ஒன்றும் செய்யவில்லை. டிஸ்க் முழுவதையும் மேலெழுதி அழிக்கும் கட்டளை அந்த வலைப்பக்கத்திலேயே இருந்தது. அதற்குப் பல மணி நேரம் ஆகும், நடுவில் கரண்ட் போனால் இயந்திரமே முடங்கிவிடும், விலை போகாது என்று பயந்தேன். அது ஆழியாறுக்கு 40 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இறங்கியபோது, மூன்று எஸ்டேட்டின் ஆட்களுடைய கையெழுத்தும் கைரேகையும் முகமும் முகவரியும் அதற்குள் இருந்தன.

அதன் அர்த்தம் புது இயந்திரம் வந்த அன்றுதான் முழுதாக உறைத்தது. பொருத்த வந்த பையன் அமைப்புகளைச் செய்துகொண்டே, ஒவ்வொரு வேலை முடிந்ததும் டிஸ்க்கை அழிக்கிற வசதியைப் போட்டுவிடட்டுமா என்று சாதாரணமாகக் கேட்டான். போடு என்றேன். பழைய மெஷினில் இதெல்லாம் செய்துதானே கொடுத்தீர்கள் என்று அடுத்து கேட்டான். அவனிடமும் ஆமாம் என்றேன்.

அன்று இரவு இதைப் பற்றித் தேடிப் படித்தேன். 2010-இல் அமெரிக்காவில் சி.பி.எஸ். தொலைக்காட்சிக்காரர்கள் நியூஜெர்சியில் ஒரு கிடங்கில் இருந்து 4 பழைய காப்பி இயந்திரங்களை வாங்கி, டிஸ்க்குகளைக் கழற்றி மீட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஒன்றில் பஃபலோ நகரக் காவல்துறையின் பாலியல் குற்றப் பிரிவு ஆவணங்கள். இன்னொன்றில் நியூயார்க்கின் அஃபினிட்டி என்ற மருத்துவக் காப்பீட்டு அமைப்பின் நோயாளிக் குறிப்புகள். வாடகை இயந்திரத்தை டிஸ்க்கை அழிக்காமல் திருப்பிக் கொடுத்ததுதான் அந்த அமைப்பு செய்த தவறு. 3,44,579 பேர் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். 2013-இல் அந்த அமைப்பு அரசுக்கு 12 லட்சம் டாலருக்கு மேல் கட்டி வழக்கைத் தீர்த்துக்கொண்டது. படித்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. என் பழைய இயந்திரமே வெளிநாட்டில் இருந்து இறக்கி, சீர்செய்து விற்றதுதான். நம் ஊர் ஜெராக்ஸ் கடைகளில் ஓடுபவற்றில் ஏராளமானவை அப்படி வந்தவை. நான் வாங்கிய புதிதில் அதன் முகவரிப் புத்தகத்தில் ஏதோ ஒரு தூரதேசத்து ஆபீஸ்காரர்களின் பெயரும் மின்னஞ்சலும் அப்படியே இருந்தன. வேடிக்கையாகப் பார்த்துவிட்டு, கடைக்கு வந்தவர்களிடமும் காட்டினேன். ஒருவர் தட்டில் மிச்சம் வைத்தது அடுத்தவருக்குப் போகும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. என் கண்ணெதிரே இருந்தும் நான் பாடம் எடுத்துக்கொள்ளவில்லை.

கோயம்புத்தூர்க்காரரைத் தேடிப் போனேன். அவர் நல்ல மனிதர், கோபப்படவில்லை. வந்த மாதமே கைமாறிவிட்டது என்றார். வாங்கியவர் வேறு மாவட்டம். பாகம் பாகமாகப் பிரித்திருக்கலாம், யாராவது கடையில் இன்னும் ஓடிக்கொண்டும் இருக்கலாம். டிஸ்க்கை மட்டும் திருப்பித் தந்தால் கேட்கிற காசு தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். இதுவரை போன் வரவில்லை.

எங்கள் ஊரிலேயே இதற்கு நேர்மாறாக நடந்துகொண்டவர்களும் இருக்கிறார்கள் என்பது என்னை அதிகம் வருத்துகிறது. யானை எந்தப் பக்கம் நிற்கிறது என்று சாயங்காலமானால் மக்கள் போனுக்குக் குறுஞ்செய்தி வரும். மேட்டில் கம்பத்தின் மேல் சிவப்பு விளக்கு எரியும். நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் ஆராய்ச்சியாளர்கள் வனத்துறையோடும் தோட்டங்களோடும் சேர்ந்து செய்த ஏற்பாடு அது. அதற்காக அவர்களில் ஒருவரான ஆனந்த குமாருக்கு 2015-இல் விட்லி விருது கிடைத்தது. அந்த ஏற்பாட்டுக்கு எஸ்டேட் ஆட்கள் தங்கள் போன் நம்பரை நம்பிக் கொடுத்தார்கள். கொடுத்த நம்பர் அவர்கள் உயிரைக் காக்கப் பயன்பட்டது. அதே ஆட்கள் அதே நம்பிக்கையோடுதான் என் கடைக்கும் வந்தார்கள். 2023-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இரண்டு விஷயம் சொல்கிறது: வாங்கிய காரியம் முடிந்தால் தரவை அழிக்க வேண்டும், வெளியே போய்விட்டால் உரியவருக்குத் தெரிவிக்க வேண்டும். முதலாவதை அந்தச் சட்டம் வருவதற்கு முன்பே, கூடையோடு வந்து நின்ற அக்காக்கள் என்னிடம் கேட்டுவிட்டார்கள். இரண்டாவதை இப்போது செய்கிறேன்.

நேரில் போய்ச் சொல்ல முடிந்தவர்களிடம் சொல்லிவிட்டேன். சிலர் திட்டினார்கள். சிலர் பரவாயில்லை தம்பி என்றார்கள், அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. மருத்துவ அறிக்கைக்காரரிடம் சொல்லியபோது அவர் எழுந்து போய்விட்டார். ஓய்வு பெற்று சமவெளிக்கு இறங்கிப் போனவர்களையும், அசாமுக்கும் ஜார்க்கண்டுக்கும் திரும்பிப் போனவர்களையும் எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. அவர்கள் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் சொல்லிவிடுங்கள்.

2021 மழைக்காலத்துக்குப் பிறகு வால்பாறை பஜாரில் சுவரில் எண் ஒட்டியிருந்த கடையில் போன் படத்தை அச்செடுத்தவர்கள், முதலில் ஆதார் ஆணையத்தின் செயலியில் உங்கள் கைரேகை, கண்விழிப் பதிவைப் பூட்டிவையுங்கள். தேவைப்படும்போது நீங்களே திறந்துகொள்ளலாம். உங்கள் ஆதாரை எங்கே, எப்போது யார் சரிபார்த்தார்கள் என்ற பட்டியலும் அங்கேயே இருக்கும். தெரியாத பதிவு இருந்தால் 1947 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் கார்டுகள் இருக்கின்றன என்று பார்த்து, உங்களுடையதல்லாததைத் துண்டிக்கச் சொல்லலாம். வங்கிப் புத்தகத்தின் படத்தை அச்செடுத்திருந்தால் கணக்கில் நடந்த வரவு செலவை ஒருமுறை பாருங்கள். இதெல்லாம் பழக்கமில்லாதவர்கள் ஆதாரோடு இணைந்த போனை எடுத்துக்கொண்டு என்னிடம் வாருங்கள். உங்கள் கையாலேயே, உங்கள் போனிலேயே செய்து காட்டுகிறேன். இதற்குக் காசு வாங்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் இருந்து கடைசி பஸ் போகும்வரை பஜாரில் இருப்பேன்.